பாக்ஸ் கிட்டாரும் ஒரு தாய்மாமனும்

எங்கள் இசைக்குழுவின் வாட்ஸ்அப்பில் சென்ற வாரம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் ஷாலினி. நான் விலகிய பிறகு என் இடத்தில் கிட்டார் வாசிக்கிறவர். "அண்ணே, இப்ப ரிசப்ஷனுக்கு எல்லாரும் பாக்ஸ் கிட்டார் மட்டும் போதும்ங்கிறாங்க. எலக்ட்ரிக்ல நிக்கிற மாதிரி இதுல சோலோ நிக்க மாட்டேங்குது. என்ன பண்றது?" என்று கேட்டிருந்தார். பாக்ஸ் கிட்டார் என்பது மின்சாரம் இல்லாமல் மரப்பெட்டியே ஒலி தரும் கிட்டார்; சோலோ என்பது அதில் தனியாக வாசிப்பது. எங்கள் டிரம்மர் உடனே பதில் போட்டிருந்தார்: "கண்ண மூடிக்கிட்டு தலைய ஆட்டு தாயி. சனம் நம்பிரும்."

அது ஒரு வழிதான். நானே சில வருடங்கள் கடைப்பிடித்திருக்கிறேன். ஆனாலும் ஒழுங்கான பதில் ஒன்றும் இருக்கிறது. அது வாட்ஸ்அப்பில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்தைந்து. மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருபத்து நான்கு வருடம் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தேன். இடது கட்டைவிரல் மூட்டு ஒத்துழைக்காததால் சென்ற வருடம் நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் நோட்டில் நான்கு விஷயம் எழுதுவேன்: இடம், எந்தச் சுருதி, சோலோ எத்தனை நிமிடம், என்ன கெட்டது. இதை எழுதுவதற்காக நோட்டுகளைப் புரட்டினேன். நான்காவது விஷயத்துக்குத்தான் எப்போதும் இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

கற்றுக்கொண்ட கதை பெரிதில்லை. தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் வகுப்பு. மாலை ஆறு முதல் ஏழு வரை, மூன்று வருடம். பிறகு எலக்ட்ரிக் கிட்டாரோடு குழுவில் சேர்ந்தேன். வேகமாக விரல் ஓடும். அதற்கு மேல் சங்கீதத்தில் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லீடர் பெயர் சௌந்தர். கீபோர்டு வாசிப்பவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் எழுதும். அவர் யாரையும் பாராட்டியதோ திட்டியதோ கிடையாது. ஒத்திகைக்குக் காலை டிபனைப் பொட்டலமாகக் கொண்டுவருவார். நான் சோலோ வாசிக்கும்போது எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். வாசிப்பு நன்றாக இருந்தால் மெல்வது நிற்கும். என் முதல் இரண்டு வருடத்தில் ஒவ்வொரு முறையும் நான்கு இட்லிகளையும் அவர் தடையில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் பாட்டு பாதியில் இருக்கும்போது போட்டோகாரர் வந்து நிறுத்தச் சொல்வார். விளக்கேற்ற வேண்டும், மாலை போட வேண்டும் என்பார்கள். இதில் வெறுத்துப்போன லீடர் ஒரு நாள் மைக்கில், "பாட்டு நடுவுல சுபகாரியம் செய்யக் கூடாது. பாட்டு முடிஞ்சப்புறம் செஞ்சாத்தான் குடும்பத்துக்கு நல்லது," என்று சொன்னார். அந்த நிமிடம் அவர் சொந்தமாக யோசித்துச் சொன்னது அது. பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சொன்னார். பத்து வருடத்தில் மற்றக் குழுக்களும் சொல்ல ஆரம்பித்தன. ஒரு முறை திருமங்கலம் பக்கம் ஒரு பெரியவர் இதையே எங்கள் லீடருக்கு விளக்கினார்: "எங்க பாட்டன் காலத்துலருந்தே உண்டுய்யா. உங்களுக்கு எங்க தெரியப்போகுது."

லீடர் "அப்படியாங்கய்யா" என்று கேட்டுக்கொண்டார்.

பாக்ஸ் கிட்டாரில் என் முதல் சோலோ பழங்காநத்தத்தில் ஒரு வரவேற்பில் நடந்தது. எலக்ட்ரிக் கிட்டாரின் வயர் போய்விட்டது. மண்டபத்தில் யாரோ வைத்திருந்த பாக்ஸ் கிட்டாரை வாங்கி, மைக் முன்னால் பிடித்து, எலக்ட்ரிக்கில் வாசிப்பதை அப்படியே வாசித்தேன். கம்பியை இழுத்தேன்; அது அசையவில்லை. நீளமாக நிற்க வேண்டிய சுரத்தை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். தாளித்த கடுகு மாதிரி வெடித்ததோடு முடிந்தது. பயத்தில் வேகத்தைக் கூட்டினேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி. முடித்ததும் தொகுப்பாளர் மைக்கில் சொன்னார்: "கிட்டார் கலைஞர் ட்யூன் பண்ணி முடிச்சுட்டார். அடுத்ததாக, மணமகனின் நண்பர்கள் கேட்ட பாடல்."

யாரும் சிரிக்கவில்லை. ட்யூன் பண்ணியதாகவே எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் லீடர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நேத்து வாசிச்சத வாயால பாடிக் காட்டு."

பாட முடியவில்லை. பாதியிலேயே மூச்சு போய்விட்டது.

"பாடுறவனுக்கு மூச்சு வாங்க எடம் இருக்கு. ஒனக்கு ஏன் இல்ல?" என்று கேட்டுவிட்டு இட்லியைப் பிரித்தார்.

அதன் பிறகுதான் பாக்ஸ் கிட்டாரை முதலிலிருந்து கற்றேன். கண்டுபிடித்தவற்றை ஷாலினிக்காகச் சொல்கிறேன். இதில் கம்பி தடிமன், இழுக்காதே, விரலைச் சறுக்கு. ஒரு ஃப்ரெட், அதாவது ஒரு கட்டம், கீழே தொட்டு அழுத்தத்தை விடாமல் மேலே போனால் குரல் மாதிரியே கேட்கும். இழுத்தே ஆக வேண்டும் என்றால் மூன்றாவது கம்பியைக் கழற்றிவிட்டு, மேலே சுற்று இல்லாத மெல்லிய கம்பி போட்டுக்கொள். சுரம் நிற்காது என்று தெரிந்த பிறகு அதை நிற்கச் சொல்லக் கூடாது. பக்கத்தில் விரல் வைக்காத திறந்த கம்பி ஒன்றை ஒலிக்க விடு. இது அடங்கும்போது அது பிடித்துக்கொள்ளும். கை எப்போதும் ஏதாவது ஒரு கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின், வடிவத்திலேயே இருக்கட்டும். பின்னால் யாரும் வாசிக்காவிட்டாலும் நாலு தட்டுக்கு ஒரு முறை கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தொட்டுக்கொண்டிரு. கேட்கிறவருக்கு இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். முக்கியமாக, வாயால் பாட முடியாத எதையும் விரலால் வாசிக்காதே.

நீளமாக வாசிப்பதை ஓர் அலுவலகத்தின் ஓய்வு விழாவில் கற்றேன். ஓய்வு பெறுகிறவருக்குப் பொன்னாடைகள் போர்த்தும் வரை பின்னணியில் கிட்டார் மட்டும் வேண்டும் என்றார்கள். நாலைந்து பேர் போர்த்துவார்கள் என்று நினைத்தேன். முப்பத்தேழு பேர் வந்தார்கள். நான்கு வரி மெட்டு ஒன்றை எடுத்து முதலில் கீழ்க் கம்பிகளில் வாசித்தேன், பிறகு அதையே மேலே, பிறகு இரண்டு கம்பியைச் சேர்த்து, பிறகு மெட்டை விட்டுவிட்டு வெறும் கார்டாக. திரும்பக் கீழே வந்தபோது பழைய மெட்டே புதிதாகக் கேட்டது. முப்பதாவது ஆளுக்கு மேல் அந்த அதிகாரியின் முகம் தெரியவில்லை. வந்தவர்களில் இருவர் குழம்பி எனக்குப் போர்த்திவிட்டுப் போனார்கள். லீடர் அன்று கையில் பிடித்திருந்த வடையைக் கடிக்கவே இல்லை என்று டிரம்மர் சொன்னார். நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்.

இனி, இதெல்லாம் கைகொடுத்த ஒரு காதணி விழா.

காளவாசலிலிருந்து பழங்காநத்தம் போகும் சாலையில் ஒரு மண்டபம். கீழ்த்தளத்தில் ஒரு காதணி விழா, மேல்தளத்தில் இன்னொன்று. கீழ்த்தளம் எங்களுடையது. குழந்தைக்கு ஒன்றரை வயது, ஆண். மொட்டையடித்துச் சந்தனம் பூசி உட்கார வைத்திருந்தார்கள். அன்று அந்தப் பகுதிக்கு மாதாந்திர மின்தடை. ஜெனரேட்டர் ஆபரேட்டர் அறையைப் பூட்டிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடுகிறவரை எழுப்பக் கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். கீபோர்டு இல்லை, மைக் இல்லை. டிரம்ஸ் மட்டும் இருந்தது. காது குத்த வந்த ஆசாரி அதற்கும் தடை போட்டார். "போன மாசம் ஊசியக் கையில எடுத்தேன், பின்னாடி ஒருத்தன் டமார்னு அடிச்சான். குத்திக்கிட்டது என் வெரல்."

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குழந்தையின் தாய் செல்வி லீடரிடம் வந்தார். பட்டுப்புடவை, வேர்த்த முகம்.

"அண்ணே, எங்கண்ணன் இன்னும் வரல. காளவாசல் நெரிசல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறான். நீங்கதான் எப்படியாவது இழுக்கணும்."

விஷயம் இதுதான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன், அதாவது செல்வியின் அண்ணன் முத்துராசு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் செல்வியின் மாமனார் எல்லோரையும் முதல் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு முத்துராசுவை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் கிளம்பினார். அதிலிருந்து பேச்சு இல்லை. இந்த விழாவுக்குச் செல்வியே உசிலம்பட்டிப் பக்கம் அவர் ஊருக்குப் போய்ப் பத்திரிகை வைத்து, "வாரேன்" என்ற ஒரு சொல்லை வாங்கி வந்திருந்தார். இப்போது அவர் சீர்வரிசையோடு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் வந்துகொண்டிருக்கிறார். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. அதற்குள் வராவிட்டால் உட்காரவைக்க மாமனார் ஓர் ஆளையும் தயாராக வைத்திருந்தார்: செல்வியின் சித்தப்பா மகன் தவமணி. அவர் ஏற்கெனவே நாற்காலியில் குழந்தையோடு உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆளு மடியில குத்திட்டாகன்னா, எங்கண்ணன் இனி இந்த வீட்டுப் படி ஏறவே மாட்டான்ணே," என்றார் செல்வி.

லீடர் என்னைப் பார்த்தார். "பாக்ஸ் கிட்டார எடு. கீழ எறங்கி, நாற்காலி பக்கத்துல உக்காந்து வாசி."

"எம்புட்டு நேரம்ண்ணே?"

"அவரு வர்ற வரைக்கும். நீ முடிக்காம எவனும் ஊசியத் தொட மாட்டான்."

பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு ஆரம்பித்தேன். மைக் இல்லாமல் நானூறு பேருக்குக் கேட்கவைக்க முடியாது, தேவையும் இல்லை. மாமனாருக்கும் ஆசாரிக்கும் கேட்டால் போதும். பிக்கை, கம்பியைத் தட்டும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் வில்லையை, அழுத்திப் பிடித்து, கம்பிகள் முடியும் கட்டைக்கு அருகில் அடித்தேன். அங்கே ஒலி கூர்மையாக இருக்கும், பேச்சுச் சத்தத்தைத் தாண்டி வரும். ஜி சுருதி. எல்லோருக்கும் தெரிந்த ஒரு தாலாட்டு மெட்டு, நான்கு வரி. நாலாவது கம்பியைத் திறந்து விட்டேன். கட்டைவிரல் தன் வேலையைப் பார்த்தது.

பத்து எட்டுக்கு மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். "பாட்டு எப்பய்யா முடியும்?"

"கடைசி வரி வந்துருச்சுங்கய்யா," என்றார் லீடர். பிறகு முத்துராசுவைத் தேடி, போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார்.

நான் மெட்டை மேல் கம்பிகளுக்கு மாற்றினேன்.

பத்து பதினொன்றுக்கு மாமனார், "இது பெரிய பாட்டா இருக்கும்போலயே," என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "நடுவுல நிறுத்தக் கூடாது, வீட்டுக்கு ஆகாது," என்று அவரே சொன்னார். இரண்டு கம்பிகளைச் சேர்த்து வாசிக்கப் போனேன்.

பத்து பதினான்கு. வாசலில் மேளச் சத்தம். மாலை போட்ட ஆடு ஒன்று முதலில் வந்தது. அடுத்து தாம்பாளங்கள். அவற்றுக்கு நடுவே வெள்ளை வேட்டி, தங்கச் சங்கிலி, வாய் நிறையச் சிரிப்போடு ஒரு பெரிய ஆள். முத்துராசுவை நான் பார்த்ததில்லை. பார்க்காவிட்டால் என்ன, இவர் தாய்மாமன் என்று எழுதி ஒட்டாத குறைதான். செல்வி அந்த நேரம் உள்ளே எதையோ எடுக்கப் போயிருந்தார்.

நிம்மதியாகக் கடைசி வரிக்கு இறங்கினேன். ஆசாரி ஊசியைத் துடைத்தார். தவமணி முகம் சுருங்கி எழுந்தார். பெரிய ஆள் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து மொட்டையில் ஒரு முத்தம் கொடுத்தார். பாட்டில் பாக்கி ஒரே ஒரு சுரம்.

"அய்யய்யோ, இது யாரு?" செல்வியின் குரல்.

பெரிய ஆள் திகைத்தார். "என்னம்மா யாருங்கிற? நான்தான் மாமன்."

"எந்த மாமன்?"

அவர் குழந்தையைத் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுது பொம்பளப்புள்ளயாச்சே?"

"அது மேல் மாடிங்க!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். கடைசிச் சுரத்தை நான் வாசித்தே ஆக வேண்டும்; கை பாதி தூரம் போய்விட்டது. அதன் அடியில் ஜி கார்டைப் போட்டால் பாட்டு முடிந்துவிடும். ஆசாரி கையில் ஊசி, தவமணி மறுபடி உட்காரக் காத்திருக்கிறார், மாமனார் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதே சுரத்துக்கு அடியில் இ மைனர் கார்டும் பொருந்தும். அதைப் போட்டால் சங்கீதம் தெரியாதவருக்கும் பாட்டு முடியவில்லை என்று தெரிந்துவிடும். வாசல் வரை வந்தவர் செருப்பைக் கழற்றாமல் நிற்பது போல. இ மைனரைப் போட்டேன். ஆசாரியின் கை இறங்கியது.

ஆனால் அந்தப் பதற்றத்தில் பிக் விரலிலிருந்து நழுவிக் கிட்டாரின் ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினால்தான் வெளியே வரும். குலுக்கினால் பாட்டு நிற்கும். வெறும் விரல் நுனிகளால் தொடர்ந்தேன். சத்தம் பாதியாகிவிட்டது. ஓட்டைக்கு மேலே கையைக் கொண்டுவந்து மெதுவாக வாசித்தேன். பெரிய ஆள் ஆட்டோடும் தாம்பாளத்தோடும் மாடி ஏறினார். ஆட்டுக்கு மட்டும் போக மனமில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எந்திரிக்கவா, உக்காரவா? ஒரு முடிவச் சொல்லுங்கப்பா," என்றார் தவமணி.

"நீ உக்காரு மாப்ள," என்று யாரோ சொன்னார்கள். உட்கார்ந்தார்.

பத்து இருபதுக்குள் எனக்குத் தெரிந்த எல்லா இடங்களிலும் மெட்டை வாசித்துவிட்டேன். பிறகு இடைவெளிகளைக் கூட்டினேன். ஒரு வரி வாசித்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த வரி. மாமனார் ஒவ்வொரு இடைவெளியிலும் எழுந்தார். ஒவ்வொரு வரிக்கும் உட்கார்ந்தார். விரல் நுனிகள் எரிந்தன. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பத்து இருபத்தாறுக்கு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். மேளம் இல்லை, ஆடு இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரே ஒரு தட்டு. அதில் ஒரு துண்டால் மூடிய சின்னப் பெட்டி. வண்டியை விட்டு இறங்கிக் காளவாசலிலிருந்து ஓடி வந்திருக்கிறார். பின்னால் லீடர், அவரைவிட மோசமாக மூச்சிரைத்துக்கொண்டு.

முத்துராசு நாற்காலியைப் பார்த்தார். தவமணி மடியில் குழந்தை. தட்டைப் பக்கத்தில் இருந்த மேசைமேல் வைத்தார்.

"முடிஞ்சுருச்சு போல. சரி, நல்லாருக்கட்டும்," என்று திரும்பினார்.

"எங்கண்ணே போற?" என்றார் செல்வி. "வந்து உக்காரு. பாட்டே இன்னும் முடியல."

அவர் நின்று என்னைப் பார்த்தார். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாமனார் எழுந்தார். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "வாங்க தம்பி," என்றார். "காது குத்துனதும் எங்கூடத்தான் பந்தியில உக்காரணும். நானே கூப்புடுறேன். இப்பவே சொல்லிப்புட்டேன்."

தவமணி யாரும் சொல்லாமலே எழுந்தார்.

முத்துராசு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வாங்கினார். பெட்டியிலிருந்து இரண்டு சின்னத் தோடுகளை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தார். நான் பெருமூச்சோடு கடைசி வரிக்கு இறங்கினேன்.

"தம்பி, நிறுத்திராதீக," என்றார் ஆசாரி, தலையை நிமிர்த்தாமலே. "பய ஒங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். தலை ஆடல. இப்படியே ஓடட்டும்."

பாட்டு நடுவில் சுபகாரியம். நான் லீடரைப் பார்த்தேன். அந்தச் சம்பிரதாயத்தை உண்டாக்கியவர் வாசல் தூணைப் பிடித்தபடி, வாசி வாசி என்று கையை ஆட்டினார். மாமனாரும் தலையாட்டினார்.

ஊசி இறங்கியது. முதலில் அழுதது முத்துராசு. அதைப் பார்த்துக் குழந்தை அழுதது. அதைப் பார்த்துச் செல்வி. வலது காதில் தோடு மின்னியது. இருபத்தாறு நிமிடத்துக்குப் பிறகு, இ மைனர் இல்லாமல், முழு மனதோடு ஜி கார்டை அடித்துக் கையை எடுத்தேன். விரல்களை ஊதிக்கொண்டேன்.

ஆசாரி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, அதுக்குள்ள முடிச்சிட்டீக? இன்னொரு காது இருக்குல்ல."

முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.